ஷட்டரைத் திறந்தது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் குறித்திருப்பது சரியே. எனக்கு வயது முப்பத்தாறு. எங்கள் குடும்ப அச்சகத்தில் தாள் வெட்டும் கட்டிங் மிஷினையும், சரக்கை வண்டியேற்றி அனுப்புவதையும் நான் பார்த்து வந்தேன். என் மீது புகார் கொடுத்திருப்பவர் என் உடன்பிறந்த அண்ணன். எங்களுக்குள் இதற்கு முன் அடிதடியோ பாகத் தகராறோ கிடையாது. அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தன் படிப்பை நிறுத்திவிட்டு அச்சகத்தை எடுத்து நடத்தி என்னை ஆளாக்கினார். அவர் நின்று பேசும்போது நான் உட்கார்ந்து பதில் சொன்னது கிடையாது. ஆபத்து தெரிந்த பிறகும் ஏன் அவ்வளவு நேரம் சும்மா நின்றாய் என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டதற்கு இதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

அச்சகம் தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தெருவிலிருந்து ஒரு சரிவு இறங்கி, அதன் அடியில் இரும்பு ஷட்டர் இருக்கிறது. உள்ளே போக, வெளியே வர அந்த ஒரு வழிதான். முன்சுவரில் மேலே, கம்பி போட்ட இரண்டு காற்றுச் சன்னல்கள் உண்டு. அவற்றின் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். எங்கள் தலைக்கு மேலே டயர் கடை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய் போகிறது. அதன் மேல் சிமென்ட் பலகை போட்டு மூடிவிட்டதால், கொசு கடிக்கும்போது தவிர அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு நினைவில் இராது.

சம்பவத்தன்று உள்ளே இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் அண்ணன், கணக்கு வழக்கு பார்க்கும் அண்ணி, பைண்டிங் வேலை செய்யும் அக்கா, மிஷின் ஓட்டும் ரோலர் அண்ணன். ரோலர் என்பது அவருடைய பட்டப்பெயர். மிஷினில் எந்த ரோலர் சத்தம் போட்டாலும் காதை வைத்துக் கேட்டு அதனோடு பேசுவார் என்பதால் அப்பா காலத்திலேயே வைத்த பெயர். அவர் அண்ணனுக்கு மூத்தவர். அண்ணன் யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது அவர் பேச்சைத்தான்.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலை தொடங்கியிருந்தோம். மழை இல்லை. தெருவில் புழுதி பறந்தது. மலைப் பக்கம் மட்டும் வானம் மை கொட்டினாற்போல் இருந்ததைச் சரக்கு ஏற்றும்போது பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை. பள்ளிக்கூட நோட்டுக்குக் கோடு அச்சடிக்கிற புது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது பெரிய சுருள் தாளில் ஓடுகிற மிஷின். ஒரு தாள் ரோலை உருட்டவே இரண்டு ஆள் வேண்டும். அந்த மிஷினை இறக்கிய நாளிலிருந்து அண்ணன் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அண்ணி, "ராத்திரிக்குப் பாயையும் இங்கேயே கொடுத்தனுப்பவா?" என்று கேலி செய்வார்.

அது சமயம் பாத்ரூம் தரையில் உள்ள சாக்கடைத் துவாரம் களக் களக் என்று சத்தம் போட்டது. பைண்டிங் அக்கா, "உங்க பாத்ரூமுக்கு வயிறு சரியில்ல போலிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு துவாரத்திலிருந்து கரப்பான்பூச்சிகள் வரிசையாக வெளியே வந்து சுவரில் ஏறின. அவை விளக்குக்கோ இருட்டுக்கோ போகவில்லை, கூரையை நோக்கி மட்டும் போயின. அதன் பிறகு தண்ணீர் மேலே வந்தது. ரோலர் அண்ணன், "அடைப்புதான், குத்தி விட்டா சரியாயிடும்" என்று சொல்லி ஒரு நீளக் குச்சியை உள்ளே செருகினார். உள்ளேயிருந்து வந்த வேகம் குச்சியைத் திருப்பி அவர் கையை விட்டுத் தள்ளியது. நான் அந்தத் தண்ணீரைக் கவனித்தேன். சாக்கடைத் தண்ணீர் என்றால் கறுப்பாக இருக்கும், நாறும். இது செம்மண் கரைத்தது போல் இருந்தது, நாற்றம் இல்லை, புதுமண் வாசனை அடித்தது. அதில் பச்சை இலைகள் வந்தன. ஒரு சின்னக் கிளை, முறிந்த இடம் வெள்ளையாக, ஈரம் காயாமல் இருந்தது. எங்கள் தெருவில் மரம் கிடையாது.

அதை எடுத்துப் போய் அண்ணனிடம் காட்டினேன். "குப்பை எங்கேயிருந்து வேணும்னாலும் வரும்டா, போய் வேலையைப் பாரு" என்றார்.

அதன் பிறகு என் மனைவி போன் செய்தாள். அவள் ஊரின் மேட்டுப் பக்கம் உள்ள கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஓடும் அதே கால்வாய் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் வருகிறது. அவள் சாதாரணமாக வேலை நேரத்தில் போன் செய்கிறவள் அல்ல. "இங்க ஊத்தித் தள்ளிடுச்சு. ரோடு எது கால்வாய் எதுன்னு தெரியல. ஒரு வேன் உருண்டு போய்ப் பாலத்துக்கு அடியில சொருகிக்கிச்சு. உள்ளே ஆள் இருந்தாங்க. அது அங்கேதான் வருது. மிஷினும் வேணாம் ஒண்ணும் வேணாம், எல்லாரையும் கூட்டிட்டு வெளியே ஏறிடுங்க" என்றாள். அதோடு லைன் போய்விட்டது.

நான் அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவர், "உன் பொண்டாட்டி தும்மினா உனக்கு ஜுரம் வந்துடும். இங்க ஒரு பொட்டு மழை இருக்கா? மழை பேஞ்சாத்தானேடா வெள்ளம்?" என்றார். ரோலர் அண்ணனும், "இத்தனை வருஷத்துல கணுக்காலைத் தாண்டினதில்ல தம்பி" என்றார். எனக்கும் அப்போது முழு நிச்சயம் இல்லை. இதை மறைக்கவில்லை.

அதனால் நேரில் பார்க்கலாம் என்று சரிவில் ஏறித் தெருவுக்குப் போனேன். தெரு இன்னும் காய்ந்துதான் இருந்தது. ஆனால் நடுத்தெருவில் உள்ள சாக்கடை இரும்பு மூடி எழும்பி எழும்பி உட்கார்ந்தது. அதன் ஓரத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்து என் காலில் பட்டது. லாரி ஒன்று எங்கோ நின்றபடி உறுமுவது போல் சத்தம் கேட்டது, இரண்டு பக்கமும் பார்த்தேன், லாரி இல்லை. சத்தம் தரைக்கு அடியில் இருந்தது. பட்டப்பகலில் எலிகள் கூட்டமாகத் தெருவைக் கடந்தன. பக்கத்தில் நின்ற நாய் அவற்றைத் துரத்தாமல் அவற்றோடு சேர்ந்து ஓடியது. எதிரே சில பேர் செல்போனில் அதைப் படம் எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டயர் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் வேலையாட்களை வைத்து டயர்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "அடியில இன்னுமா இருக்கீங்க?" என்று கேட்டார்.

அதன் பிறகு தெருவின் மேல்கோடியில் நுரை தெரிந்தது. ஒரு விரல் உயரத் தண்ணீர்தான். ஆனால் அது ஓரமாக வழிந்து வரவில்லை, தெருவின் முழு அகலத்துக்கும் ஒரே கோடாக, முன்னால் குச்சிகளையும் செருப்புகளையும் தள்ளிக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு நிச்சயமானது. நான் கீழே ஓடினேன்.

நான் உள்ளே நுழைந்ததும் அண்ணன் ஷட்டரை முழுக்க இறக்கினார். உட்பக்கமாகப் பூட்டுப் போட்டார். பிளாஸ்டிக் விரிப்பை அடியில் செருகி அதன் மேல் தாள் கட்டுகளை அடுக்கச் சொன்னார். தெருத்தண்ணீர் உள்ளே வராமல் தடுத்துவிட்டால் மிஷினின் மோட்டாரைக் கழற்றி உயரத்தில் தூக்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். ரோலர் அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். அதன் பிறகு காற்றுச் சன்னல் வெளிச்சம் மட்டும்தான். அவர் மோட்டாரில் சங்கிலியைக் கட்ட ஆரம்பித்தார். அண்ணியும் பைண்டிங் அக்காவும் தாள் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். நானும் தூக்கினேன். தூக்கிக்கொண்டே, "அண்ணே, போயிடலாம் அண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டு ஒன்றை எடுக்கப் பின்சுவர்ப் பக்கம் போனபோது காலடியில் தண்ணீர் ஏறியது. சுவர் வியர்த்திருந்தது. பெயின்ட் தீப்பட்ட தோல் போல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை விரலால் தொட்டேன், உடைந்து உள்ளேயிருந்து தண்ணீர் ஊசியில் பீய்ச்சுவது போல் என் முகத்தில் அடித்தது. அது என் தலைக்கும் மேலே இருந்த ஒரு விரிசல். கால்வாயில் தண்ணீர் அந்த உயரத்துக்கு நிற்கிறது, சுவர் மட்டும்தான் நடுவில் இருக்கிறது என்று புரிந்தது.

நான் கத்தினேன். அண்ணன் திரும்பி வந்து என்னைக் கன்னத்தில் அறைந்தார். "பொம்பளைங்க முன்னாடி கத்தி அவங்களைப் பயமுறுத்தாதே. யாரும் வெளியே போகக் கூடாது. ஷட்டரைத் திறந்தா எல்லாம் போச்சு" என்றார். அண்ணி, "விடுங்களேன், ஏறிப் போயிட்டு அப்புறம் வந்து பார்த்துக்கலாம்" என்று அவர் கையைப் பிடித்தார். அண்ணன் உதறியதில் அண்ணி தாள் கட்டில் மோதி விழுந்தார். சாவி அண்ணனின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. நான் கையை நீட்டிக் கேட்டேன். கொடுக்கவில்லை.

அதன் பிறகு மிஷினின் கருவித் தட்டில் இருந்த பெரிய ஸ்பேனரை எடுத்து அவருடைய தோளில் அடித்தேன். இது முதல் அடி. தோளில் அடித்தால் வலியில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. என் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிங் மிஷினோடு சேர்த்து அழுத்தினார். என் முதுகில் மிஷினின் விளிம்பு ஏறியது. அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கு மூச்சு நின்று கண் இருட்டியது. அதன் பிறகு இரண்டாவது தடவை அவர் காதுக்கு மேலே அடித்தேன். புகாரில் சொல்லியிருக்கும் அடி இதுதான். அவர் மண்டியிட்டார். ரத்தம் காதோரமாக வழிந்து சட்டைக் காலரை நனைத்தது. நான் ஸ்பேனரை முதுகுப் பக்கம் பேன்ட்டில் செருகிக்கொண்டு, குனிந்து அரைஞாண் கயிற்றைப் பிய்த்துச் சாவியை எடுத்தேன். அது சமயம் அண்ணி ஸ்டூலைத் தூக்கி என் முதுகில் போட்டார், ஸ்டூலின் கால் முறிந்தது. "கொன்னுட்டியேடா பாவி" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தாள் கட்டுகளை இழுத்துத் தள்ளினேன். அவை நனைந்து இரண்டு மடங்கு கனத்திருந்தன. பைண்டிங் அக்கா வந்து என்னோடு சேர்ந்து தள்ளினார்.  பூட்டைத் திறந்து ஷட்டரை இருவரும் தூக்கினோம். ஒரு முழம் தூக்கியதும் வெளியிலிருந்து தண்ணீர் எங்கள் காலை வாரிவிட்டது. இருவரும் விழுந்தோம். எழுந்து மறுபடி தூக்கினோம். ஷட்டரைத் திறந்ததால் தண்ணீர் உள்ளே வந்தது என்று அண்ணன் சொல்வது உண்மை. முழங்கால் அளவு வந்தது. திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்லக் கூடாது, பின்சுவரை வந்து பார்க்கிற என்ஜினீயர்தான் சொல்ல வேண்டும்.

சரிவு முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நின்று ஏற முடியவில்லை. பைண்டிங் அக்கா கனத்த உடம்புக்காரர். அவரைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி முன்னால் விட்டுப் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினேன். ஒரு மரப்பலகை வந்து அவர் முழங்காலில் அடித்தது, அவர் என் மேல் சரிந்தார், நாங்கள் இருவரும் ஷட்டர் வரை மறுபடி அடித்து வரப்பட்டோம். அதன் பிறகு மேலேயிருந்து டயர் கடைக்காரர் ட்யூப்களை ஒன்றோடொன்று முடிந்து கயிறு போல் ஆக்கி வீசினார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். மேலே இழுத்தார்கள். ட்யூப் திரும்பி வந்தது.

அண்ணி வர மறுத்தார். அண்ணன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். ரோலர் அண்ணன் வந்து அவர் தோளைப் பிடித்து எழுப்பி, "நீ ஏறும்மா. உன் புருஷனை நான் கூட்டிட்டு வரேன். என் பேச்சை அவன் கேப்பான்" என்றார். என்னிடம், "தம்பி, நீ இவளை ஏத்து" என்றார். அவரை யாரும் உள்ளே இருக்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ட்யூபை அண்ணியின் இடுப்பில் சுற்றி, சரிவில் தள்ளிக்கொண்டே ஏறினேன். அண்ணி வழியெல்லாம் என் மார்பில் குத்திக்கொண்டே வந்தார்.

அண்ணியை மேலே சேர்த்துவிட்டுத் திரும்பியபோது, உள்ளே அண்ணன் எழுந்து நின்றுவிட்டதைப் பார்த்தேன். அவர் ஷட்டர் பக்கம் வரவில்லை. மிஷினை நோக்கிப் போனார். ரோலர் அண்ணன் பின்னாலேயே போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதன் பிறகு பின்சுவர் போனது.

சுவர் விழுவதை நான் பார்க்கவில்லை. முதலில் உள்ளேயிருந்து காற்று வந்து என்னைச் சரிவில் மல்லாக்கத் தள்ளியது. அதன் பிறகு சத்தம். அதன் பிறகு தாள்கள், ஆயிரக்கணக்கில், வெள்ளையாக ஷட்டர் வழியே வெளியே வந்தன. தெருத்தண்ணீர் உள்ளே போவதும் உள்தண்ணீர் வெளியே வருவதுமாகச் சரிவின் அடியில் சுழன்றது. காற்றுச் சன்னல் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. ஸ்பேனர் பேன்ட்டில் செருகியபடியே இருந்தது. நான் ட்யூபின் நுனியை இடது கையில் சுற்றிக்கொண்டு, உள்ளே போனேன். யாராவது தடுத்தார்களா என்று தெரியாது, காது அடைத்திருந்தது.

தண்ணீர் என் மார்புக்கு வந்தது. தரை இல்லை, மிதந்த கட்டைகளும் இரும்பும்தான் காலில் பட்டன. அண்ணன் மிஷினின் கைச்சக்கரத்தை வலது கையால் பிடித்துக்கொண்டு தொங்கினார். கைச்சக்கரம் என்பது மிஷினைக் கையால் சுற்றுவதற்காக வெளிப்பக்கம் உள்ள இரும்புச் சக்கரம். ரோலர் அண்ணன் அவருக்குப் பின்னால் நின்று, ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்து வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தார். மறு கை மிஷினின் சட்டத்தில் இருந்தது. சக்கரத்தில் அவர் கை இல்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "கையை விடமாட்டேங்கிறான் தம்பி" என்றார்.

நான் அவர்களை எட்டுவதற்குள் பின்பக்கத்திலிருந்து தாள் ரோல் ஒன்று தண்ணீரில் உருண்டு வந்தது. அது வருவது ரோலர் அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அண்ணனின் தாடையிலிருந்து கையை எடுத்து அவரைத் தன் பக்கத்திலிருந்து அப்பால் தள்ளினார். ரோல் அவர் மார்பில் மோதி அவரைக் கொண்டுபோய்க் கட்டிங் மிஷினோடு வைத்து நசுக்கியது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. தண்ணீர் அவர் முகத்துக்கு மேலே ஏறியது. நான் போய் ரோலைத் தள்ளினேன். நகரவில்லை. முங்கி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். கிழிந்து கையோடு வந்தது. அவர் கை என் முழங்கையைப் பிடித்தது. அழுத்திப் பிடித்தது. அதன் பிறகு பிடி தளர்ந்தது. மறுபடி முங்கினேன். கையைத் தேடி எடுத்து இழுத்தேன். அதில் உயிர் இல்லை.

அதன் பிறகு அண்ணனிடம் வந்தேன். அவர் அப்போதும் சக்கரத்தை விடவில்லை. தண்ணீர் அவர் மூக்கு வரை இருந்தது. தலையிலிருந்து வந்த ரத்தம் தண்ணீரில் கலங்கிக்கொண்டிருந்தது. "விடு அண்ணே" என்று அவர் காதில் கத்தினேன். என்னைப் பார்த்தார், யாரென்று தெரிந்ததாகத் தோன்றவில்லை. அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். ஒரு விரலைப் பிரித்தால் மற்ற நான்கும் இறுகின. என் கையைக் கடித்தார். கடித்த இடத்தில் சதை போயிருப்பதை மருத்துவர் பார்த்து எழுதியிருக்கிறார். ட்யூப் என் மறு கையை இழுத்துக்கொண்டிருந்தது, மேலேயிருந்து அவசரப்படுத்துகிறார்கள் என்று புரிந்தது. கூரைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு கை நீளம்தான் இருந்தது.

நான் ஸ்பேனரை எடுத்து அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தேன். தண்ணீருக்குள் அடி மெதுவாக இறங்கியது. விரல்கள் விடவில்லை. கையைத் தண்ணீருக்கு மேலே ஓங்கி, முழு பலத்தோடு மறுபடி அதே இடத்தில் அடித்தேன். எலும்பு முறிந்தது காதுக்குக் கேட்கவில்லை, ஸ்பேனர் வழியாக என் கைக்குத் தெரிந்தது. மூன்றாவதாக விரல்களின் மேல் அடித்தேன். அவை திறந்தன. அண்ணன் தண்ணீருக்குள் வாயைத் திறந்து அலறினார், குமிழிகள் வந்தன. ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். அதன் பிறகு மேலே உள்ளவர்கள்தான் எங்கள் இருவரையும் இழுத்தார்கள். ஷட்டரின் மேல்தகடு என் நெற்றியைக் கிழித்தது. சரிவில் எத்தனை தடவை முங்கினோம் என்று சொல்லத் தெரியவில்லை. தெருவில் கிடத்தியபோது அண்ணன் மண்ணையும் தண்ணீரையும் வாந்தி எடுத்தார். அண்ணி ஓடி வந்தார். நான் மறுபடி கீழே இறங்கப் போனேன். டயர் கடைக்காரர் என்னைத் தரையில் அமுக்கி மேலே உட்கார்ந்துகொண்டார்.

வந்த வேகத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் தெருவில் சேறுதான் மிச்சம். உள்ளே போனபோது தாளெல்லாம் ஊறிக் கூழாகி இடுப்பளவு நின்றது. தீயணைப்புக்காரர்கள் மண்வெட்டியால் அதை வெட்டி எடுத்து வழி செய்தார்கள். ரோலர் அண்ணன் நான் விட்ட இடத்திலேயே, நின்ற நிலையில் இருந்தார். சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி உடையாமல் இருந்தது. அடையாளம் காட்டியது நான்தான்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பி என் மீது புகார் கொடுத்திருக்கிறார். ஸ்பேனரால் தலையில் அடித்ததும், சாவியைப் பறித்து ஷட்டரைத் திறந்ததும் அதில் எழுதியிருக்கிறது. இரண்டும் நடந்தவை. மறுக்கவில்லை. அதே வாக்குமூலத்தில் தன் கையைப் பற்றி அவர் வேறு சொல்லியிருக்கிறார். வெள்ளம் வந்த பயத்தில் ரோலர் அண்ணன் தறிகெட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டதாகவும், அதில் சிக்கித் தன் கை நொறுங்கியதாகவும் சொல்லியிருக்கிறார். அவர் வேண்டுமென்று பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அடித்தது யாரென்றே தெரியாத நிலையில்தான் அவர் அப்போது இருந்தார். கண் விழித்தபோது கை போயிருந்தது, பக்கத்தில் இருந்த ஆள் உயிரோடு இல்லை. அவர் மனசு அப்படி ஒன்றைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அவர் இதை வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரோலர் அண்ணனின் மகள் அண்ணனைப் பார்க்க வந்தபோதும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். சின்ன வயதில் எங்கள் அச்சகத்துத் தாள் கட்டுகளின் மேல் ஏறி விளையாடியவள். என் நெற்றிக்குத் தையல் போட்டு வெளியே உட்கார வைத்திருந்தார்கள், காவலர் பக்கத்தில் நின்றார். அவள் வந்து எனக்கு எதிரே நின்றாள். அழவில்லை. "எங்கப்பா பயந்துட்டாரா சித்தப்பா? அவராலதான் உங்க அண்ணன் கை போச்சா?" என்று கேட்டாள்.  காவலர் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கைக்காயம் என் மீது உள்ள புகாரில் இல்லை, அதை நீயாகச் சொல்லி உன் வழக்கை நீயே கனமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை, நன்றாக யோசித்துக்கொள் என்று ஆய்வாளர் அவர்கள் சொன்னார்கள். யோசித்தேன். என் அண்ணனின் வலது கையை உடைத்தது மிஷின் அல்ல, ரோலர் அண்ணன் அல்ல. நான். மணிக்கட்டில் இரண்டு அடி, விரல்களில் ஒரு அடி. ரோலர் அண்ணன் பயந்தாரா என்றால், பயந்திருப்பார், நாங்கள் எல்லோரும் பயந்தோம். அவர் கை சக்கரத்தில் இல்லை. என் அண்ணனின் தாடைக்கு அடியில் இருந்தது. இந்த ஒரு பகுதியை மட்டுமாவது அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்ட அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எழுத்தர் எனக்கு உரக்க வாசித்தார். மணிக்கட்டு அடியை "இழுபறியில் தவறுதலாகப் பட்டது" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு "வேண்டுமென்றே அடித்தேன்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தியிருக்கிறார். மற்றதெல்லாம் என் வாயிலிருந்து வந்தபடியே இருக்கிறது. யாரும் மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. நடந்தது இதுதான்.

(கையெழுத்து)